ஜன்னல் வைத்த அறை

மார்ச் 3, ஞாயிறு

பாப்பா இன்று கேட்டாள்: "அப்பா, உனக்குக் கால் இருக்கா?"

நியாயமான கேள்வி. அவளுக்கு எட்டு வயது நடக்கிறது. நான் விமானம் ஏறியபோது அவள் அம்மா வயிற்றில் இருந்தாள். அன்றிலிருந்து அவள் என்னைப் பார்த்ததெல்லாம் கைபேசித் திரையில்தான். ஒரு தலை, ஒரு கழுத்து, சட்டையின் மேல் பொத்தான்கள் இரண்டு. சாப்பிடும் நேரத்தில் அழைத்தால் என்னைத் தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து வைத்துவிட்டுச் சாப்பிடுவாள். ஒருமுறை என் நெற்றியில் சோறு சிந்தியது. புறங்கையால் துடைத்துவிட்டாள். இதுவரை அவள் என்னைத் தொட்டது அது ஒன்றுதான்.

காட்டுகிறேன் பார் என்று எழுந்தேன். இந்த அறையில் அது ஆகிற காரியமில்லை. சலவைக்கூடத்தின் கொதிகலனுக்குப் பின்னால் இரண்டு அடுக்குக் கட்டில்கள். நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் போகலாம், மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டால். ஜன்னல் கிடையாது. சுவரில் முதுகு ஒட்டும்வரை பின்னால் போனேன். இடுப்பு வரை தெரிந்தது. மேல் கட்டிலில் படுத்திருந்த மச்சானிடம் போனைக் கொடுத்துக் கீழ்நோக்கிப் பிடிக்கச் சொன்னேன். கால் தெரிந்தது. தலை போய்விட்டது.

"இது வேற யாரோட காலோ," என்றாள் பாப்பா.

எதையும் எளிதில் நம்ப மாட்டாள். அம்மா வழி. அந்த அம்மாவின் குரலும் பின்னாலிருந்து வந்தது: "விடுடி. கால் இருந்தா இந்நேரம் வந்திருக்க மாட்டாரா?"

போனைத் திருப்பிக் கொடுத்தபோது மச்சான் சிரிக்கவில்லை. அவன் சிரிக்காமல் விட்ட விஷயங்கள் மிகக் குறைவு.

மார்ச் 4, திங்கள்

இரண்டு ஹோட்டல்களின் விரிப்புகள் ஒன்றாக வந்து இறங்கின. எழுத நேரமில்லை. காலைப் பார்த்துக்கொண்டேன். இருக்கிறது.

மார்ச் 6, புதன்

என் நிலவரத்தை ஒருமுறை ஒழுங்காக எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. எழுதினால் எங்காவது ஒரு ஓட்டை கண்ணில் படும். ஊரில் பாடப்புத்தகம் அச்சடிக்கும் இடத்தில் பிழை திருத்துபவனாக இருந்தேன். ஓட்டை கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. அந்தப் பாவத்துக்கு இங்கே எல்லோருக்கும் நான் வாத்தியார்.

இங்கே தங்கும் அனுமதி முடிந்து ஆறு வருடம் ஆகிறது. பாஸ்போர்ட் முதலாளியின் அலமாரியில். கேட்டால் "பத்திரமா இருக்குப்பா" என்பார். என்னைவிடப் பத்திரமாகத்தான் இருக்கும். அது இருக்கும் அறைக்கு ஜன்னல் உண்டு. ஊருக்குப் போக வேண்டுமானால் கையில் பாஸ்போர்ட்டோடு அதிகாரிகள் முன்னால் போய் நிற்க வேண்டும். பாஸ்போர்ட்டை முதலாளி தர வேண்டும். தந்துவிட்டால் எனக்குப் பதில் உருளையில் நிற்க அவருக்கு வேறு ஆள் வேண்டும். (உருளை என்பது ஈர விரிப்பை ஒரு பக்கம் விழுங்கி மறுபக்கம் சுடச்சுடக் காய்ந்ததாகத் துப்பும் இயந்திரம். ஆளையும் கொஞ்சம் கொஞ்சமாக அப்படித்தான் செய்கிறது.)

ஆக, எனக்கு இங்கே இருக்க அனுமதியில்லை, இங்கிருந்து போக வழியில்லை, வேலை செய்ய மட்டும் யாதொரு தடையுமில்லை. இரண்டு முறை படித்துப் பார்த்தேன். ஓட்டை தெரியவில்லை. நல்ல கட்டுமானம்.

மார்ச் 12, செவ்வாய்

செவ்வாய் மதியத்துக்கு மேல் எங்களுக்கு விடுமுறை. மச்சான் போன் பழுதுபார்க்கும் கடைக்குப் போனவன் ஒரு சினிமா டைரக்டரோடு திரும்பி வந்தான். மச்சான் அப்படித்தான். உப்பு வாங்கப் போனால் கல்யாணத்துக்கு அழைப்பு வாங்கிக்கொண்டு வருவான். எல்லோரையும் மச்சான் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அவனுக்கே அது பேராகிவிட்டது.

டைரக்டருக்கு முப்பது வயதிருக்கும். இங்கேயே பிறந்தவர், காகிதமெல்லாம் உள்ளவர், ஆனால் நம் மொழி நன்றாகப் பேசுகிறார். காகிதம் இல்லாதவர்களைப் பற்றி யதார்த்தப் படம் எடுக்கிறாராம். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து எங்கள் அறையைக் கோயிலைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"அண்ணா, பொய்யே இருக்கக் கூடாது. அப்படியே ரத்தமும் சதையுமா வேணும்."

"ரத்தம்னா முன்னாடியே சொல்லிடுங்க மச்சான்," என்றான் மச்சான். "பச்சைத் தண்ணியில ஊற வைக்கணும். சுடுதண்ணி பட்டா கறை போவாது."

டைரக்டர் சிரிக்கவில்லை. துயரப்படுகிறவர்கள் ஜோக் அடிப்பார்கள் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை போலும்.

எங்கள் முகம் ஒரு காட்சியில்கூட வராது என்று அவருடைய அம்மா மேல் சத்தியம் செய்தார். கூட்டத்தில் நிற்க எங்களில் சிலர் வேண்டும். எனக்கு அதோடு யதார்த்த ஆலோசகர் என்ற பதவியும். எட்டு வருடத்தில் முதல் பதவி உயர்வு. ஆனால் நான் ஒத்துக்கொண்டது அதற்காக அல்ல. போகும்போது ஒன்று சொன்னார்: "எனக்கு ஒரு வக்கீலைத் தெரியும்ணா. படம் வரட்டும். உங்க பாஸ்போர்ட்டை அந்த ஆளே தேடி வந்து கையில குடுப்பான்."

நம்பினேனா? பாப்பாவின் கால் கேள்விக்குப் பிறகு நான் எதையும் நம்பத் தயாராக இருக்கிறேன்.

மார்ச் 13, புதன்

அக்காவிடம் சொன்னோம். தலையணை உறைகளுக்கு இஸ்திரி போடுபவர். எங்கள் கூட்டத்தில் மூளை உள்ள ஒரே ஆள்.

"பட்டது போதாதா? அதை இன்னொரு தடவை நடிச்சு வேற காட்டணுமா?"

"பாஸ்போர்ட் வாங்கித் தர்றேன்னு சொல்றார்க்கா."

"முதலாளியும் நல்லவிதமா சொல்லித்தானே வாங்கினாரு?"

இஸ்திரிப் பெட்டி அதற்குமேல் பேசவிடாமல் சீறியது.

மார்ச் 19, செவ்வாய்

இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய கிடங்கு. அதற்குள் எங்கள் அறையைக் கட்டியிருக்கிறார்கள். அதே கட்டில்கள், அதே துரு. துருவுக்கென்று தனியாக ஒருவர் இருக்கிறார். சுவர் மூன்றுதான், நான்காவது இருக்க வேண்டிய இடத்தில் கேமராவும் இருபது பேரும். ஒரு சுவரில் ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் பெரிய விளக்கு. எந்நேரமும் அங்கே மாலை நான்கு மணி வெயில்.

"எங்க ரூம்ல ஜன்னல் இல்லைங்களே," என்றேன். அதற்குத்தானே என்னைப் பதவியில் வைத்திருக்கிறார்கள்.

"ஜன்னல் இல்லாட்டி வெளிச்சம் எங்கிருந்துணா வரும்?"

"எங்களுக்கும் வர்றதில்லைங்க."

டைரக்டர் என் தோளில் கை வைத்தார். "அது யதார்த்தம். ஆனா அது தெரியணும்ல?"

சரி, வேறு குறை சொன்னேன். கட்டிலில் கடையில் வாங்கிய புது நீல விரிப்பு போட்டிருந்தார்கள். நாங்கள் படுப்பது ஹோட்டல்காரர்கள் கழித்துப்போடும் கிழிந்த வெள்ளை விரிப்புகளில். மூலையில் சிவப்பு நூலில் எங்கள் சலவைக்கூடத்தின் குறி தைத்திருக்கும். வேறு கூடத்துத் துணியோடு கலந்துவிடாமல் இருக்க. டைரக்டரின் கண்கள் கலங்கிவிட்டன. "இதுதான்ணா! இதைத்தான் நான் தேடிட்டு இருந்தேன்!"

ஆறு விரிப்புகள் கொண்டுபோய்க் கொடுத்தேன். யதார்த்த ஆலோசகரின் முதல் ஆலோசனை ஏற்கப்பட்டது.

மார்ச் 26, செவ்வாய்

படப்பிடிப்பு நின்றது. காரணம் நாங்கள்.

போன வாரம் ஒப்பனைக்காரப் பெண் எங்கள் சட்டைகளைப் பார்த்துத் திகைத்துப்போனாள். இந்த நகரத்திலேயே வெள்ளையான சட்டை சலவைக்காரன் சட்டைதான் என்பது அவளுக்குப் புதுச் செய்தி. தேயிலைத் தண்ணீர், கரித்தூள், ஏதோ பிசின் எல்லாம் பூசி மூன்று மணி நேரம் பாடுபட்டு எங்களை ஏழைகளாக்கினாள். அந்தச் சட்டையை அப்படியே வைத்திருந்து இந்த வாரம் போட்டு வர வேண்டும் என்றாள். தலையாட்டினோம்.

கூடத்துக்குத் திரும்பியதும் நாங்கள் ஏழு பேரும், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல், சட்டையைக் கழற்றித் துவைத்துவிட்டோம். கறையைப் பார்த்தால் கை சும்மா இருப்பதில்லை. மச்சான் கஞ்சி வேறு போட்டிருந்தான்.

இன்று வரிசையாக வெள்ளையும் சள்ளையுமாகப் போய் நின்றோம். ஒப்பனைக்காரப் பெண் அழுதுவிட்டாள். இந்தப் படத்தில் நான் பார்த்த முதல் நிஜக் கண்ணீர்.

ஏப்ரல் 2, செவ்வாய்

ஹீரோ வந்தார். எங்களைப்போல மெலிவதற்காக ஒரு மாதமாகப் பட்டினி கிடக்கிறாராம். பட்டினியைக் கவனிக்க ஒரு டாக்டர் கூடவே இருக்கிறார். பசியை எப்படித் தாங்குகிறீர்கள் என்று ஹீரோ என்னிடம் கேட்டார். நாங்கள் மூன்று வேளையும் சோறு சாப்பிடுகிறோம் என்றேன். ரொம்ப ஏமாந்துபோனார்.

மதியம் எங்கள் டிபன் பாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் ஒரு பிடி உருட்டி, டாக்டர் பார்க்காத நேரம் பார்த்துக் கொடுத்தான். நன்றாக நடிக்கிறாரோ இல்லையோ, நன்றாகச் சாப்பிட்டார்.

ஏப்ரல் 7, ஞாயிறு

பாப்பாவின் அம்மா: "நீங்க வர வேணாம். எப்போ வருவேன்னு சொல்றதை நிறுத்துங்க, அது போதும். நீங்க சொல்றதை இவ காலண்டர்ல எழுதி வச்சுக்கறா."

ஏப்ரல் 9, செவ்வாய்

இன்று ஒரு காரியம் செய்தேன்.

எல்லோரும் சாப்பிடப் போனபோது கேமரா இருந்த இடத்தில் ஒரு முக்காலியின் மேல் போனை நிறுத்தி வீட்டுக்கு அழைத்தேன். நான்காவது சுவர் இல்லாத அறை என்பதால் பின்னால் போகப் போக இடம் வந்துகொண்டே இருந்தது. நடுவில் போய் நின்றேன். செருப்பில்லாமல்.

"பாப்பா, பார். தலை. கால். ரெண்டும் ஒரே ஆளுக்கு."

பாப்பா திரையில் முகத்தை ஒட்டிக்கொண்டாள். பிறகு, "நடந்து காட்டு," என்றாள். நடந்தேன். "குதி." குதித்தேன். "கிட்ட வா, காலை மட்டும் காட்டு." வலது காலைக் காட்டினேன். சுண்டுவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும், பேருந்தில் இடம் பிடித்தவன் மாதிரி. அந்தப் பக்கம் போன் தடதடவென்று ஆடியது. தன் கால் ஒன்றைத் தூக்கித் திரைக்கு முன்னால் நீட்டினாள். அதிலும் ஒருவன் அதேபோல இடம் பிடித்திருந்தான்.

"அம்மா! இது அப்பாவோட கால்தான்மா!"

அவள் அம்மா வந்து பார்த்தாள். காலை அல்ல, அறையை. ஜன்னலையும் மாலை வெயிலையும் பார்த்தாள்.

"ரூம் நல்லாத்தான் இருக்கு," என்றாள். குரலில் ஒரு ஆறுதல், கூடவே ஒரு கோபம். இவ்வளவு நல்ல அறையை விட்டுவிட்டு எவன் வருவான் என்று நினைத்திருப்பாள்.

இது எங்கள் துன்பத்தைக் காட்டுவதற்காகப் போட்ட செட் என்று எப்படிச் சொல்வது? ஆமாம், வசதியாத்தான் இருக்கு என்றேன்.

ஏப்ரல் 16, செவ்வாய்

சோதனைக் காட்சி. அதிகாரிகள் உடையில் நான்கு நடிகர்கள் கதவை உடைத்துக்கொண்டு வந்து கத்த வேண்டும், நாங்கள் ஓட வேண்டும். இதற்கு ஒத்திகை வேண்டாம் என்று நினைத்துவிட்டார் டைரக்டர்.

கதவு உடைந்தது. அவ்வளவுதான். கேமராவில் பதிவானது காலிக் கட்டில்கள் மட்டும். மச்சான் அந்த ஜன்னல் வழியாகப் பாய்ந்து விளக்குக்காரர் மேல் விழுந்தான். மூன்று பேர் தெருவரைக்கும் ஓடினார்கள். அதில் ஒருவர் இன்னும் கூடத்துக்குத் திரும்பவில்லை.

"அண்ணா, அவங்க நடிகருங்கண்ணா!" டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தெரியுங்க. காலுக்குத் தெரியலை."

ஏப்ரல் 23, செவ்வாய்

டைரக்டர் சொல்லிக்கொடுத்தார். கதவு உடைந்ததும் அப்படியே உறைய வேண்டும். மனதுக்குள் ஐந்து எண்ண வேண்டும். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும். அதற்கப்புறம்தான் ஓட்டம். "பயம் முதல்ல கண்ணுக்கு வரணும்ணா, அப்புறம்தான் காலுக்கு."

எங்களுக்கு அது நேராகக் காலுக்குத்தான் வரும். ஆறு வருடப் பழக்கம். திரும்பத் திரும்பக் கதவை உடைத்தார்கள், திரும்பத் திரும்ப மாட்டினார்கள். தச்சருக்குக் கை ஓய்ந்தது. மெல்ல மெல்லக் கால் நிற்கக் கற்றுக்கொண்டது. மச்சான் மட்டும் இரண்டைத் தாண்டவேயில்லை. கடைசியில் அவனைப் போர்வைக்குள் படுக்கவைத்து, செத்துப்போனவனாக்கிவிட்டார்கள். அதிலும் ஒருமுறை எழுந்து ஓடினான்.

நான் நன்றாகச் செய்தேனாம். டைரக்டர் என்னைக் கட்டிப்பிடித்தார். "என்ன ஒரு நிதானம்ணா!"

மாலையில் அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தார்.

"ஓடத் தெரிஞ்சவனுக்கு நிக்கவா சொல்லிக் குடுத்தாங்க?"

ஏப்ரல் 30, செவ்வாய்

படம் முடிந்தது. எங்கள் அறையைப் பிரித்து லாரியில் ஏற்றினார்கள். ஜன்னலை ஒருவர் தனியாகக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். டைரக்டரிடம் வக்கீலைப் பற்றிக் கேட்டேன். படம் வரட்டும் என்றார்.

மே 19, ஞாயிறு

டீக்கடைப் பேப்பரில் படம் பற்றிய செய்தி. டைரக்டரின் பேட்டி. "நிஜமான மனிதர்கள், நிஜமான பொருட்கள், ஒரு போர்வைகூடப் பொய் இல்லை" என்கிறார். பக்கத்திலேயே பெரிய புகைப்படம்: ஹீரோ எங்கள் விரிப்பில் கன்னத்தை வைத்துத் துயரமாகத் தூங்குகிறார்.

பிழை திருத்துகிறவன் கண்ணுக்கு ஒரு பக்கத்தில் முதலில் தெரிவது இருக்கக்கூடாத ஒன்றுதான். ஹீரோவின் மூக்குக்கு நேரே, சிவப்பு நூலில், எங்கள் சலவைக்கூடத்தின் குறி. தெளிவான அச்சு. ஒரு நூல்கூடப் பிசிறவில்லை.

முகத்தைக் காட்ட மாட்டேன் என்றார். காட்டவில்லை. முகவரியைப் பற்றி யாரும் சத்தியம் வாங்கவில்லை.

மே 20, திங்கள்

அக்காவிடமும் மச்சானிடமும் காட்டினேன். அக்கா தன் பையை எடுத்துப் பின்கதவுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு செருப்பைக் கழற்றாமலே இஸ்திரி போட ஆரம்பித்தார்.

"இந்தச் சின்னக் குறியை எவன் மச்சான் பார்ப்பான்?" என்றான் மச்சான்.

"நான் பார்த்தேனே."

"நீ லூசு. ஆபீசருங்க உன்ன மாதிரியா?"

மே 22, புதன்

முதலாளியிடம் பாஸ்போர்ட் கேட்டேன். இந்த முறை உட்காராமல், கையைக் கட்டிக்கொள்ளாமல் கேட்டேன்.

"எதுக்கு?"

"ஊருக்குப் போகணுங்க. பொண்ணுக்கு எட்டு வயசாச்சு."

"எட்டு வயசுப் பொண்ணு எங்கப்பா ஓடிப்போகப் போகுது? சீசன் முடியட்டும்." பிறகு, கரிசனமாக: "வெளிய எங்கயும் போகாத. காலம் சரியில்லை."

வேறு எங்கே போவது? வேறு ஊர், வேறு சலவைக்கூடம், வேறு கொதிகலன். அலமாரியில் இருப்பதை விட்டுவிட்டுப் போனால் ஊர் இன்னும் ஒரு நாடு தள்ளிப் போய்விடும். உருளைக்குத் திரும்பினேன்.

மே 26, ஞாயிறு

பாப்பா இன்று என்னைக் கால் காட்டச் சொல்லவில்லை. அதுதான் பார்த்தாயிற்றே என்றாள்.

ஜூன் 9, ஞாயிறு

தடுப்பு முகாமுக்கு உள்ளே இருந்து, கேட்டு வாங்கிய தாளில் எழுதுகிறேன். வியாழக்கிழமை வந்தார்கள்.

காலை நேரம். உருளை ஓடிக்கொண்டிருந்தது. நான் விரிப்பின் ஒரு முனையைப் பிடித்திருந்தேன், மச்சான் மறுமுனையை. முன்கதவு உடைந்தது. அதே சத்தம். தச்சர் நன்றாகத்தான் செய்திருக்கிறார் என்று தோன்றியது.

உறைந்தேன். ஒன்று. இரண்டு... விரிப்பின் மறுமுனை தரையில் விழுந்தது. மச்சான் போய்விட்டான். மூன்று என்னும்போது அக்காவின் பை போயிருந்தது, அக்காவும். நான்கு. ஐந்து. சரியாக எண்ணினேன், அவசரமில்லாமல். ஐந்துக்கு அப்புறம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும். பார்த்தேன். பார்க்க யாரும் இல்லை. கூடம் முழுக்கக் காலி. அதனால் காட்சி அதற்குமேல் நகரவில்லை.

ஓர் அதிகாரி என் எதிரில் வந்து நின்றார். அவருக்குமே சங்கடம். ஓடாதவனை என்ன செய்வது என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை போலும். விரிப்பை வாங்கி ஓரமாக வைத்தார். மூலையில் இருந்த சிவப்புக் குறியைப் பார்த்துவிட்டு, பையிலிருந்து மடித்த செய்தித்தாளை எடுத்து ஒப்பிட்டார். மச்சான், நீ சொன்னது தப்பு. என்னைப்போலவும் அதிகாரிகள் இருக்கிறார்கள்.

பின்கதவு பத்தடி தூரம். ஐந்து எண்ணிய பிறகும் நேரம் இருந்தது. ஏன் ஓடவில்லை? பழக்கம் என்றுதான் நினைக்கிறேன். பழக்கம்தானா? இவர்கள் பிடித்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று கால் தனியாக ஏதாவது யோசித்ததா? — கேட்டால் சொல்லவா போகிறது.

ஜூன் 11, செவ்வாய்

என் பையைத் திருப்பிக் கொடுத்தார்கள். இந்த நோட்டை மொழிபெயர்ப்பாளர் முழுக்கப் படித்திருக்கிறார். ஓரிடத்தில் சத்தமாகச் சிரித்தாராம். எந்த இடம் என்று கேட்டேன். சொல்லவில்லை.

ஜூன் 27, வியாழன்

ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்றேன். அனுப்புகிறோம், எந்த ஊர் என்றார்கள். சொன்னேன். ஆதாரம் என்றார்கள்.

பாஸ்போர்ட் முதலாளியிடம். முதலாளி அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லையாம். என்னையுமே பார்த்ததில்லையாம். அலமாரி காலி. நகலும் அவரிடம்தான் இருந்தது. அதையும் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொல்லி முதல் நாளே வாங்கிக்கொண்டார். நம் நாட்டுத் தூதரக அலுவலகத்தைக் கேட்டார்கள். காகிதம் இல்லாத ஒருவரை நம்மவர் என்று சொல்ல இயலாது என்று பதில் வந்திருக்கிறது.

காகிதம் இல்லாததால் இங்கே இருக்கக் கூடாது. காகிதம் இல்லாததால் இங்கிருந்து போகவும் முடியாது. மார்ச் 6 அன்று எழுதியதை எடுத்துப் படித்தேன். அப்போது ஒற்றை அறை. இப்போது அதே வரைபடத்தில் பெரிய கட்டடம்.

ஜூலை 21, ஞாயிறு

வாரம் ஒரு அழைப்பு, பொதுக்கூடத்தில். பெரிய கூடம். எவ்வளவு வேண்டுமானாலும் பின்னால் போகலாம். முழு உருவமும் தெரிகிறது. மேலே கம்பி போட்ட ஜன்னல்.

"அப்பா, இது வேற ரூமா? ஜன்னல் இருக்கா?"

"இருக்கு."

எட்டு வருடத்தில் அவளிடம் சொன்ன முதல் உண்மை என்று நினைக்கிறேன். அவளுடைய அம்மாவிடம் மீதி உண்மையும் சொன்னேன். "சாப்பாடு போடறாங்களா?" என்றாள். குரல் மாறியிருந்தது. எப்போ வருவீங்க என்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஊரில் அவள் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறாள். கையில் என் பள்ளிச் சான்றிதழ், பதினைந்து வயதுப் புகைப்படத்தோடு.

"இந்தப் பையனும் அங்க இருக்கற ஆளும் ஒண்ணுதான்னு எப்படிம்மா நம்பறது?" என்றாராம் அங்கே இருந்தவர்.

"எனக்கே நம்பிக்கை இல்லைங்க. ஆனா கட்டிக்கிட்டேன், என்ன பண்றது?" என்றாளாம் இவள்.

நவம்பர் 24, ஞாயிறு

கூடத்தில் சினிமா போட்டார்கள். எங்களுக்கு உகந்த கருப்பொருள் என்று நிர்வாகம் நினைத்ததாம். அதே படம்.

எல்லோரும் இந்தத் துறையில் அனுபவசாலிகள்; விமர்சனம் கறாராக இருந்தது. அறை வந்ததும் யாரோ கத்தினார்கள்: "டேய், ஜன்னல் வச்ச ரூம்டா! இவனுக்கு என்னடா குறை?" கூடமே சிரித்தது. ஹீரோ பசியில் அழுதபோது பின்வரிசையிலிருந்து ஒருவர், "தம்பி, சோறு வெச்சுத் தின்னுட்டு அழு!" செத்துப்போனவன் போர்வைக்குள் மூச்சுவிட்டான். மச்சான்தான். எங்கே இருக்கிறானோ, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தால் சரி.

பிறகு சோதனைக் காட்சி. கதவு உடைந்தது. கேமரா தரையை ஒட்டி. பல கால்கள் ஓடின. நடுவில் இரண்டு கால்கள் மட்டும் ஓடாமல் நின்றன. செருப்பில்லாத கால்கள். வலது சுண்டுவிரல் பக்கத்து விரலின் மேல்.

முகம் ஒரு காட்சியிலும் வரவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். அவருடைய அம்மா நன்றாக இருக்கட்டும்.

பக்கத்தில் இருந்தவர், "அவன் ஏன் ஓடலை? லூசா?" என்றார்.

"நடிப்புங்க," என்றேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

படம் அங்கேயும் போனில் சுற்றுகிறதாம். பாப்பா அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறாள். மறுநாள் அம்மாவோடு அலுவலகத்துக்குப் போனாள். சான்றிதழில் இருக்கும் பையன் உன் அப்பாதானா என்று அதிகாரி விளையாட்டாகக் கேட்டிருக்கிறார்.

"மூஞ்சி எனக்குத் தெரியாது. காலைக் காட்டச் சொல்லுங்க," என்றாளாம்.

போனை அவர் முன்னால் வைத்து, அந்த இடத்தில் நிறுத்தி, செருப்பைக் கழற்றித் தன் காலை நாற்காலியின் மேல் தூக்கி வைத்திருக்கிறாள். அதிகாரி சிரித்தாராம். சிரித்து முடித்த பிறகும் ஃபைலை மூடவில்லை என்று அவள் அம்மா சொன்னாள். இதைச் சொன்னபோது அவளும் லேசாகச் சிரித்தாள். அந்தச் சத்தம் எப்படியிருக்கும் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

டிசம்பர் 19, வியாழன்

நம் நாட்டு அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். உட்காரச் சொன்னார். பெயர் கேட்கவில்லை. வலது கால் செருப்பைக் கழற்றச் சொன்னார். குனிந்து பார்த்தார், ஒரு புகைப்படத்தோடு ஒப்பிட்டார் (சின்னக் கால், பின்னால் நாற்காலியின் விளிம்பு), நான்கைந்து கோணங்களில் படம் எடுத்தார். முகத்தை எடுக்கவில்லை.

"ஊருக்கு அனுப்புவீங்களா சார்?"

"பார்க்கலாம். இதுக்கு முன்னாடி கால்ல இருந்து ஆரம்பிச்ச கேஸ் எதுவும் இல்லை."

ஞாயிற்றுக்கிழமை பாப்பாவிடம் சொல்ல வேண்டும்: அப்பாவுக்குக் கால் இருப்பதை அரசாங்கம் பதிவு செய்துகொண்டது. மற்ற பாகங்கள் பரிசீலனையில் இருக்கின்றன.